டார்ஜரின் படங்களை எப்படிப் பார்ப்பது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க ஓவியரும் எழுத்தாளருமான ஹென்றி டார்ஜரை எடுத்த புகைப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை மூன்றே மூன்று. சிகாகோவில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளராகக் காலம் கழித்தவர், 1973-ல் இறந்தார். அதற்குச் சற்று முன் அவர் முதியோர் இல்லம் போனதும், வீட்டுக்காரர் நேதன் லெர்னர் அறையை ஒழிக்கப் போனார். அங்கே 15,145 பக்கத் தட்டச்சு நாவலும் அதற்கான நூற்றுக்கணக்கான ஓவியங்களும் இருந்தன. குழந்தைகளை அடிமையாக்கும் நாட்டோடு விவியன் சகோதரிகள் ஏழு பேர் நடத்தும் போர்தான் கதை.

பேட்டியோ அசையும் படமோ இல்லாதவரைப் பற்றி இயக்குநர் ஜெசிக்கா யூ 2004-ல் 'இன் தி ரெல்ம்ஸ் ஆஃப் தி அன்ரியல்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கலை நிபுணர்களைத் தவிர்த்து அக்கம்பக்கத்தாரைப் பேசவைத்தார். டார்ஜர் என்ற பெயரின் உச்சரிப்பிலேயே அவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்! அந்த முரண்களை அப்படியே விட்டுவைத்தது நேர்மையான முடிவு. ஓவியச் சிறுமிகளை அசையவும் வைத்தார். கதை உயிர்பெறுகிறது, உண்மைதான். ஆனால் அசைவில் கைவேலை மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

மனித உருவத்தைத் தானாக வரைய டார்ஜருக்குக் கை வரவில்லை. செய்தித்தாள் சித்திரக்கதை, விளம்பரம், வண்ணம் தீட்டும் புத்தகம் ஆகியவற்றிலிருந்து உருவங்களைக் கார்பன் தாள் வைத்துப் படியெடுத்தார். ஆனால் படியெடுத்தால் மூலத்தின் அளவேதான் வரும். போர்க்களக் காட்சி என்றால் அருகில் நிற்பவர் பெரிதாகவும் தூரத்தில் நிற்பவர் சிறிதாகவும் வேண்டுமே? அந்த உருவங்களை, புகைப்படம் கழுவித் தரும் மருந்துக்கடையில் கொடுத்து 11க்கு 14 அங்குலம் வரை பெரிதாக்கி வாங்கினார். நெகட்டிவ்களை உறைகளில் போட்டு வைத்துக்கொண்டார். ஒரே சிறுமி மூன்று அளவில் வரத் தொடங்கினாள். தாள்களை ஒட்டி ஒட்டிப் பத்தடி நீளத்துக்கும் மேல் கொண்டுபோய், வாட்டர் கலர் தீட்டினார்.

சிக்கலும் அங்கேதான். மலிவுத் தாளில் அமிலம் அதிகம். மஞ்சளித்து, மடிப்பில் நொறுங்கும். பல தாள்களில் இரு பக்கமும் ஓவியம் இருப்பதால் பின்னால் அட்டை ஒட்டிப் பலப்படுத்த வழியில்லை. இருபுறமும் கண்ணாடியிட்டு, சுவரை விட்டுத் தள்ளி நிறுத்தவேண்டும். வாட்டர் கலர் வெளுக்கும் என்பதால் விளக்கொளியும் குறைவாகத்தான் இருக்கவேண்டும்.

ஆவணப்படத்தைப் பார்க்கும்போது கூட்டக் காட்சி ஒன்றை நிறுத்திவையுங்கள். முன்வரிசைச் சிறுமி நிற்கும் விதத்தை மனதில் வாங்கிக்கொண்டு, பின்வரிசையில் அதே விதத்தைத் தேடுங்கள். உடையும் தலைமுடி நிறமும் மாறியிருக்கும், கோடு மாறியிருக்காது.