சேமிக்கத் தெரியாதவர்களா நாம்?

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பொருளாதாரம் என்றதும் பங்குச் சந்தை, பட்ஜெட் என்று பேசிக் கொல்வேனோ என்று பயந்திருப்பீர்கள். நியாயமான பயம்தான். இன்று அது எதுவும் இல்லை. ‘ரப்பர் தோட்டத்து ஆளுங்களுக்குச் சேமிக்கத் தெரியாது, பிள்ளைகளைப் படிக்க வைக்கத் தெரியாது’ என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்கிறோமே, அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கல்யாண மேடையில் வாழ்த்த வருகிறவர்கூட இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை.

முதலில் கடன். விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வேலை இல்லை. பட்டை நனைந்திருந்தால் பால் கோப்பைக்கு வராது. ஆண்டுத் தொடக்கத்தில் இலை கொட்டும் மாதங்களில் பால் குறையும். ரப்பர் விலை விழுந்தால் கூலியும் ஆட்டம் காணும். அடுப்பு மட்டும் எல்லா நாளும் எரிந்தாகவேண்டும். இந்த இடைவெளியை அடைத்தது கடைக்காரரின் 555 புத்தகம். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டில் அரிசி, நெத்திலி, மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதி, சம்பளத்தன்று குறுக்கே கோடு போட்டு அடிப்பார். நாளைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாத ஒருவர் இப்படிக் கடன் வாங்குவதை ஊதாரித்தனம் என்று சொல்ல முடியுமா?

வங்கி ஏன் அந்தக் கடனைத் தரவில்லை? ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970-இல் பழைய கார் விற்பனையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தையே கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். 2001-இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த சிந்தனை அது. அதே கட்டுரையில் அவர் இந்தியக் கிராமத்து வட்டிக்காரரையும் இழுக்கிறார். யார் திருப்பித் தருவார், யார் தரமாட்டார் என்று ஊருக்குள் இருக்கும் அவருக்குத் தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. பட்டணத்து வங்கி மேலாளருக்கு லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர் யாரென்று தெரியாது, ஈடு வைக்க நிலமும் இல்லை. 555 புத்தகக்காரருக்கு நம் பாட்டன் பெயர்வரை தெரியும்.

கூட்டு கட்டுவதும், அதாவது சீட்டுப் பிடிப்பதும், இதே கதைதான். 12 பேர் மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் 2,400. அவசரக்காரர் அதில் 300 வெள்ளியை விட்டுக்கொடுத்து முதலில் எடுக்கிறார். அந்த 300 மற்றவர்களுக்குப் பிரிகிறது. முன்னால் எடுப்பவர் வட்டி கட்டுகிறார், கடைசிவரை பொறுப்பவர் வட்டி வாங்குகிறார். பத்திரம் இல்லை, ஈடு இல்லை, மாரியம்மன் கோயிலில் முகம் பார்க்கவேண்டுமே என்ற வெட்கம்தான் ஈடு. சேமிக்கத் தெரியாதவர்கள் செய்கிற காரியமா இது? கூட்டு நிதி நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே சட்டம் வந்துவிட்டது. தேவை மட்டும் போகவில்லை. கூட்டுப் பிடித்தவர் பணத்தோடு ஓடிவிட்டால், ஏமாந்தவர் போலீசுக்குப் போகத் தயங்குகிறார். அடுத்த முறை நேரே ஆலோங்கிடம், உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், போகிறார். உரிமம் உள்ள வட்டிக்கடை ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங்கிடம் மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120. கணக்குத் தெரியாமல் இல்லை. வேறு கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் படிப்பு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். லயத்து வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரைதான் வீடு. அப்பா ஓய்வு பெறப்போகிறார் என்றால், வீட்டைக் காலி செய்யாமல் இருக்க ஒரு பிள்ளை அந்த வேலையில் ஏறவேண்டும். வெளியே வாடகை கட்ட வழியில்லை, பாட்டியும் படுத்த படுக்கை. மூத்தவன் நன்றாகப் படிப்பவனாக இருந்தாலும் அவனைத்தான் பெரட்டுக்கு, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, அனுப்புவார்கள். பள்ளி இலவசமாக இருக்கலாம். அவன் படிப்புக்கு அந்தக் குடும்பம் கொடுக்கவேண்டிய விலை ஒரு வீடு! ‘அப்பனுக்கு அறிவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லும் தலைமையாசிரியர் இந்த விலையை எந்தப் பதிவேட்டிலும் பார்க்கமாட்டார்.

எல்லாவற்றையும் இப்படி விளக்கிவிட முடியும் என்று நான் நம்பவில்லை. குடியைப் பற்றிக் கேட்டால் விலையையும் அலுப்பையும் கொஞ்சம் சொல்வேன். மிச்சத்தை மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

ஆனால் சேமிப்பைப் பற்றி இந்த ஊரில் நின்று பேசும்போது ஒன்றை விடக்கூடாது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இதே ஊரில் பிறந்த ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். பால் வெட்டிய கைகள் கட்டிய அந்தப் பத்து வெள்ளிகளில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அதே ஆட்கள், அதே கூலி. பணத்தைப் போட நம்பிக்கையான ஓர் இடம் கிடைத்தது, போட்டார்கள்.

சரி, நான் நிறுத்திக்கொள்கிறேன். முன் வரிசையில் அக்கா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கூட்டுப் பணம் பற்றித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். கேளுங்கக்கா.