பூனையையும் புலியையும் பிரிச்சது யாரு? வாண்டுகளுக்கு லைப்ரரி சொல்லித்தர செம ட்ரிக்!

[திரையில: கோத்தகிரி தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், தூரத்துல காட்டுமாடு]

ஒரு லைப்ரரிக்குள்ள போறீங்க. புலி பத்தின புத்தகம் 599.75-ங்கற நம்பர் ஒட்டுன அலமாரி எடத்துல இருக்கு. சரி, பூனையும் அது பக்கத்துலதான இருக்கும்னு தேடுனா இல்ல! மருத்துவத்தைத் தாண்டி, இன்ஜினியரிங்கைத் தாண்டி, விவசாயத்துக்குள்ள போயி 636.8-ல ஒக்காந்திருக்கு. ரெண்டும் ஒரே குடும்பம்ங்க, மீசை கூட ஒண்ணுதான், அப்புறம் யாரு இப்படி பாகப்பிரிவினை பண்ணது?

சீக்கிரமா சொல்லிடறேன், தூங்கிடாதீங்க. மெல்வில் டூயி, அமெரிக்கர். 1876-ல வெறும் 44 பக்கத்துல ஒரு சின்னப் புத்தகம் போட்டு, உலகத்துல இருக்கற அறிவையெல்லாம் 000-ல இருந்து 999-க்குள்ள அடுக்கிட்டாரு. மனுசனுக்கு வீண் எழுத்தே புடிக்காது, தன் பேருலயே ரெண்டு எழுத்தைக் கழட்டி விட்டவரு. அவ்ளோதான் வரலாறு.

இப்ப பூனை மேட்டர். டூயி முறையில காட்டு விலங்கு விலங்கியலுக்குப் போகும், அதாவது 590. மனுசன் வளர்க்கறது விவசாயத்துக்குக் கீழ கால்நடைக்குப் போகும், 636. அதனால நாய் 636.7, ஓநாய் 599.77. நம்ம தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடி ஊரு, அங்க வளர்க்கற எருமை 636, ரோட்டை மறிச்சு நிக்கற காட்டுமாடு 599.64. வாலும் கொம்பும் பார்த்து பிரிக்கல, வீட்டுக்கா காட்டுக்கான்னு பார்த்து பிரிச்சிருக்காங்க! சமவெளி புள்ளைங்களுக்கு இதை படம் காட்டித்தான் புரிய வைக்கணும், நீலகிரி புள்ளைக்கு ஜன்னலைத் திறந்து விட்டா போதும்.

[திரையில: அஞ்சு அட்டை, அஞ்சு வாண்டுங்க]

இங்கதான் ட்ரிக், டீச்சருங்க ப்ளீஸ் ஸ்கிப் பண்ணாதீங்க. மூணாங்கிளாஸ் நாலாங்கிளாஸ் புள்ளைங்ககிட்ட போயி "வகைப்பாடு என்றால்"னு ஆரம்பிச்சீங்கன்னா முடிஞ்சது கதை. அதுக்குப் பதிலா அஞ்சு அட்டை எழுதுங்க. காட்டுமாடு 599.64, யானை 599.67, சிறுத்தை 599.75, கரடி 599.78, குரங்கு 599.8. அஞ்சு பேருகிட்ட குடுத்து, அலமாரியில எப்படி நிக்குமோ அப்படி வரிசையா நில்லுங்கன்னு சொல்லுங்க. குரங்கு வச்சிருக்கற புள்ள நேரா முன்னாடி ஓடும் பாருங்க! ஏன்னா அதுக்கு 8 சின்னது, 64 பெருசு. தசம எண் பாடமே இன்னும் வரல, பாவம் அது என்ன பண்ணும்?

நிறைய பேரு இந்த எடத்துலதான் மாட்டிக்கறாங்க, லைப்ரரி கஷ்டம்னு புள்ள நெனைக்கறதுக்குக் காரணமே பாதி இந்தப் புள்ளிதான்னு நான் சொல்லுவேன். சிலர் ரூபா பைசான்னு சொல்லித் தராங்க, ஆனா இந்தக் காலத்து வாண்டு பைசாவ எங்க கண்டுச்சு, அதுவும் இல்லாம புள்ளிக்கு அப்புறம் மூணு நாலு எண் வந்தா பைசா கணக்கு பல்லிளிக்கும். அகராதியில சொல்லு தேடற மாதிரி ஒவ்வொரு எண்ணா பாக்கச் சொல்லுங்க. புள்ளிக்கு அப்புறம் மொத எண் மட்டும் பாரு: காட்டுமாடு 6, யானை 6, சிறுத்தை 7, கரடி 7, குரங்கு 8. அப்ப குரங்கு கடைசி, சத்தமில்லாம போயி நில்லு. இப்ப ரெண்டு 6-ம் சண்டை போடுது, ரெண்டாவது எண்ணைப் பாரு, 4-ஆ 7-ஆ? காட்டுமாடு முன்னாடி. சிறுத்தைக்கும் கரடிக்கும் அதே பஞ்சாயத்து, 5 முன்னாடி 8 பின்னாடி. முடிஞ்சது! கணக்கு டீச்சர் வேலையில பாதிய லைப்ரரி பீரியடே முடிச்சிருச்சு, சம்பளத்துல பங்கு கேளுங்க.

அடுத்தது அட்டை. புள்ள ஒரு புத்தகத்தை உருவும்போது அந்த சந்துல தன் பேரு எழுதுன நீள அட்டைய சொருகணும், புடிக்கலன்னா அதே எடத்துல திருப்பி வைக்கணும். எடம் மறந்துட்டா அலமாரியில திணிக்காம மேசை மேல வச்சிரணும். எடம் மாறிப்போன புத்தகம் திருடு போன புத்தகத்துக்குச் சமம், ரெண்டுமே தேடுனா கிடைக்காது.

பொருளடக்கம் பாக்கறது, மழைக்காலத்துல பூஞ்சை புடிக்காம காத்தோட்டமா வைக்கறது, இதெல்லாம் ஒரே பீரியடுல முடிஞ்சிரும்.

"எங்க ஸ்கூல்ல லைப்ரரியே இல்ல, ஒரே ஒரு பீரோதான்"னு சொல்றீங்களா? பீரோவே போதும், ஆனா சாவி? இதுல எனக்குக் கோவமே வரும். புத்தகம் கிழிஞ்சிரும்னு பூட்டி வச்சுட்டு, இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு மட்டும் திறக்கற பீரோ எத்தனை இருக்கு! நம்ம சீர்காழிக்காரரு, கணக்கு வாத்தியாரா இருந்து 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரேரியன் ஆன எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல அஞ்சு விதி எழுதுனாரு. மொத விதியே புத்தகம் பயன்படுத்தறதுக்குன்றதுதான். ஐரோப்பாவுல ஒரு காலத்துல புத்தகத்தை சங்கிலி போட்டு கட்டி வச்சிருந்தாங்க, சங்கிலி முன்பக்க ஓரத்துல இருந்ததால முதுகு உள்பக்கமா திரும்பி இருக்கும், பேரு கூட தெரியாது. பூட்டுன பீரோவும் அதேதான், சங்கிலிதான் மிஸ்ஸிங்.

தமிழ்நாட்டு வாசிப்பு இயக்கப் புத்தகத்துல நுழை, நட, ஓடு, பறன்னு படி பிரிச்சிருக்காங்க பாருங்க, நம்பரே ஒத்துவராத ஒண்ணாங்கிளாஸ் வாண்டுக்கு அப்படி வண்ண ஸ்டிக்கர் ஒட்டி ஆரம்பிங்க.

இப்ப உங்களுக்கு டெஸ்ட். தேயிலை வளர்க்கற புத்தகம் 633.72, டீ போடறது சமையல் பக்கம் 641. இது ஈஸி. 1899-ல குன்னூர் வரைக்கும் ஏறி, 1908-ல ஊட்டிய தொட்ட நம்ம மலை ரயில் பத்தி ஒரு புத்தகம் இருந்தா எங்க வைப்பீங்க? ரயில் போக்குவரத்துன்னு 385-லயா, தண்டவாள இன்ஜினியரிங்னு 625-லயா, தமிழ்நாட்டு வரலாறுன்னு 954.82-லயா? உள்ள என்ன எழுதியிருக்குன்றத பொறுத்து மூணுக்கும் வாய்ப்பு இருக்கு. நான் 385 கட்சி. 954 கட்சிக்காரங்க கமெண்ட்ல வாங்க, சண்டை போடலாம், லைக் போட்டுட்டு சண்டை போடுங்க.