கரண்டி யார் கையில்?

நாளைக் காலை வீடு கட்டும் முகாமுக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நானும் உங்கள் வயதில் இப்படித்தான் போனேன். ஏழைக் குடும்பத்துக்கு உதவப் போகிறோம் என்ற நினைப்பு. முதல் நாளே கையில் கலவை அள்ளி வைக்கும் கொத்துக்கரண்டி கொடுத்தார்கள். நாலு வரிசை செங்கல் வைத்தேன். என் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. கொத்தனார் வந்து, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். சுவர் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. திட்டவில்லை. நாலு வரிசையையும் பிரித்தார். "கல்லப் பாக்காதீங்க தம்பி, நூலப் பாருங்க" என்றார்.

செங்கல்லை ஏன் நனைக்கிறோம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். ஈரமில்லாமல் சிமென்ட் இறுகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்துக்கு நேர்மேலே, அடுத்த வரிசையின் சந்து வரக்கூடாது. வந்தால் விரிசலுக்கு அதுவே வழி. ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றினால், அடிக்கலவை இறுகும் முன்பே பாரம் விழும். கட்டி முடித்த சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். அதற்கு எங்கள் குழுவில் ஆளே முன்வரவில்லை. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

எனக்குக் கலவை கொண்டுவந்து கொட்டிய சித்தாள் அக்கா பதினைந்து வருடமாகச் சட்டி சுமப்பவர். பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட அவர் கையில் யாரும் கரண்டி கொடுத்ததில்லை. எனக்கோ வந்த அன்றே கிடைத்தது. கொத்தனார் கூலிக்கும் சித்தாள் கூலிக்கும் நடுவே நிற்பது அந்தக் கரண்டிதான். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது.

1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு தொடங்கியது. வீடு பெறும் குடும்பமும் தன்னார்வலர்களோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2006இல், 82 வயதில், நம் மகாராஷ்டிராவின் லோனாவாலா பக்கம் வந்து சுவர் எழுப்பினார். அதே அமைப்பில் 1991இல், அமெரிக்காவின் சார்லட் நகரில், பெண்களே ஒரு வீட்டைக் கட்டினார்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக்கூடாது?

ஆகவே ஒரு வேண்டுகோள். கொத்தனாரிடம் பாடம் கேட்கும்போது சித்தாள் அக்காவையும் பக்கத்தில் கூப்பிடுங்கள். கொத்தனார் சம்மதத்தோடு தினம் ஒரு மணி நேரம் கரண்டியை அவரிடம் கொடுங்கள். அந்த நேரத்துக்கு அவருடைய சட்டியை நீங்கள் தூக்குங்கள்.