பாலத்தின் தடுப்பு வண்டியை நிறுத்துவதற்காக அன்று

வணக்கம். நெடுஞ்சாலைப் பாலத்தின் ஓரத்தில் தடிமனான சுவரை எழுப்பிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடிவரும் வண்டியைச் சட்டென்று நிறுத்தும் சுவர், உள்ளே இருப்பவரைக் கொல்லவும் கூடும். தடம் மாறி வந்த வண்டியைக் கவிழவிடாமல் சாலையின் போக்கிலேயே திருப்பி அனுப்புவதுதான் தடுப்பின் வேலை.

சாலையோரத் தடுப்புகளை மோதவிட்டுச் சோதிப்பதற்கான அமெரிக்காவின் மாஷ் (MASH) விதிகளில் மூன்றாம் நிலைச் சோதனையைப் பாருங்கள். 2,270 கிலோ எடையுள்ள பிக்கப் வண்டியை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், 25 டிகிரி கோணத்தில் தடுப்பின்மீது மோதவிடுகிறார்கள். அந்தக் கோணத்தில் சுவரை நோக்கிய வேகம் சுமார் 42 கி.மீ.தான், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மொத்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சுவர் தாங்க வேண்டியிருக்கிறது. மீதமுள்ள ஆற்றலைச் சுவரோடு உரசியபடி வழுக்கிச் செல்ல விட்டுவிட வேண்டும். இடையில் துருத்திய தூணோ இடைவெளியோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால், உரசலாக முடிந்திருக்க வேண்டியது நேர் மோதலாகிவிடும். பழைய பாலங்களின் அலங்காரத் தூண் வரிசைகள் கண்ணுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம்.

வடிவமும் முக்கியம். அகன்ற அடியிலிருந்து மேலே குறுகிச் செல்லும் ‘நியூ ஜெர்சி’ வகைக் கான்கிரீட் தடுப்பின் அடிச்சரிவு, லேசான உரசலில் டயரைச் சற்று ஏற்றி, வண்டியின் உடல் சுவரில் படாமல் காக்கிறது. ஆனால் மோதல் பலமாக இருந்தால் சிறிய கார்கள் அதிகமாக ஏறிக் கவிழ்ந்துவிடுகின்றன. ஆகவே அடிச்சரிவு முடிந்து சுவர் ஏறக்குறைய செங்குத்தாக எழும் இடத்தைத் தரையிலிருந்து 33 செ.மீ. உயரத்திலிருந்து 25 செ.மீ.க்கு இறக்கி எஃப் வடிவத்தை உருவாக்கினார்கள். அடி முதல் உச்சி வரை ஒரே சரிவுள்ள சுவர் எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனெனில் சாலைக்கு மேலும் மேலும் தார் போட்டாலும் அதன் முகம் மாறாது, உயரம் மட்டுமே குறையும்.

உயரம் லாரிகளுக்காக. சுமையேற்றிய லாரியின் எடைமையம் மேலே இருப்பதால், தாழ்ந்த தடுப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் லாரி அதன்மேல் சாய்ந்து உருண்டுவிடும். நான்காம் நிலைச் சோதனையில் லாரியின் எடையை 8,000 கிலோவிலிருந்து 10,000 கிலோவாகவும், வேகத்தை 80 கி.மீ.யிலிருந்து 90 கி.மீ.யாகவும் உயர்த்தியபோது, முன்பு தேறிய 81 செ.மீ. சுவர் போதவில்லை; இப்போது சுமார் 91 செ.மீ. தேவைப்படுகிறது.

சுவரின் பலத்தைத் தாங்குவது பாலத் தளத்தின் விளிம்பு. சுவர் உடைவதற்கு முன் விளிம்பு பெயர்ந்துவிட்டால், சுவரும் வண்டியும் சேர்ந்தே கீழே போகும். பழுதுபார்ப்பதும் பல மடங்கு கடினம். எனவே தளத்தைச் சுவரைவிட வலுவாக வடிவமைக்கிறார்கள்.

மேம்போக்காக விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: பாலம் தொடங்கும் முனை. அங்கே வளைந்துகொடுக்கும் தகடுத் தடுப்பு, வளையாத கான்கிரீட்டைச் சந்திக்கிறது. தகடு பின்னோக்கி வளைந்தால் வண்டி நேராகக் கான்கிரீட் முனையில் போய் இடிக்கும் என்பதால், பாலத்தை நெருங்க நெருங்கக் கம்பங்களை அடுத்தடுத்து நட்டு, தகட்டையும் தடித்ததாக மாற்றி, அதன் நுனியைக் கான்கிரீட்டுடன் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.