மாற்றத்தான் வேண்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணியின் மீது நடுவர் கை வைத்துவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் பார்க்கும் கேக், ரொட்டிச் செய்முறைகளை எழுதியபடியே செய்ய வேண்டுமா, வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டுமா? மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி, "மாற்றுகிறவர்கள் ஓவனுக்குள் கேக் வைப்பார்கள், வெளியே செங்கல் எடுப்பார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் செங்கல்லை நான் விடப்போவதில்லை. அதற்கு முன் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத ஒருவரைப் பற்றிக் கேளுங்கள்.

அவர் என் அக்கா. பள்ளி நாளிலேயே நோட்டில் ஓரக்கோட்டைத் தாண்டி எழுதாதவர். வீட்டுக்குப் புது ஓவன் வந்தது. ஒரு சாக்லெட் கேக் செய்முறையை அச்செடுத்து, சமையலறைச் சுவரில் ஒட்டினார். 350 டிகிரியில் 35 நிமிடம் என்று இருந்தது. குமிழைத் திருகினார். 200 வந்தது, 220 வந்தது, 250 வந்தது, அதோடு நின்றுவிட்டது. உடனே எனக்குப் போன். "தம்பி, இந்த ஓவன் 250-க்கு மேல் போகமாட்டேன் என்கிறது. நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்!"

"அக்கா, அது பாரன்ஹீட் கணக்கு. உன் ஓவன் செல்சியஸ். 350 பாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 177 செல்சியஸ். குமிழை 175-இல் வை" என்றேன்.

அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "அதில் 175 என்று எழுதவில்லையே!"

போனை வைத்துவிட்டார். 350 கிடைக்காவிட்டால் இருப்பதில் உச்சம் எதுவோ அது என்று 250-இல் வைத்தார். பதினைந்தாவது நிமிடம் புகை வந்தது. அத்தான் ஓடிவந்து, "கதவைத் திறந்து பாரேன்" என்றார். "35 நிமிடம் ஆகவில்லையே!" என்றார் அக்கா. புகை கூடத்துக்கு வந்தது. பிள்ளைகள் இருமினார்கள். அத்தான் ஜன்னலைத் திறந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது ஆயிற்று, இருபத்தைந்து ஆயிற்று, முப்பதும் ஆயிற்று. அவையோரே, 35 முடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது! மேலே கரி. கத்தியை விட்டுப் பார்த்தால் நடுவில் இன்னும் மாவுக் குழம்பு. பாதிக் கலவை டின்னைத் தாண்டி வழிந்து, ஓவனின் அடித்தட்டில் கருகி ஒட்டியிருந்தது.

ஏன் வழிந்தது? செய்முறையில் இருந்தது 9 அங்குல வட்ட டின். வீட்டில் இருந்தது 6 அங்குலம். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கிடுங்கள்: 9 அங்குல டின்னுக்கு ஏறத்தாழ 64 சதுர அங்குலம், 6 அங்குல டின்னுக்கு 28. பாதிகூட இல்லை! எல்லாப் பொருளையும் பாதிக்குச் சற்றுக் குறைத்திருந்தால் அன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் கேக் சாப்பிட்டிருப்பார்கள்.

இப்போது செங்கல்லுக்கு வருகிறேன். சகோதரி, கேக் ஏன் கல்லாகிறது? பெரும்பாலும் மாவு கூடிவிடுவதால்தான். செய்முறையில் மூன்று கப் மைதா என்று இருக்கிறது. மாவைக் கரண்டியால் தளர்வாக எடுத்துப் போட்டு, மேலே வழித்துவிட்டால் ஒரு கப் சுமார் 120 கிராம். அதே கப்பை மாவுப் பாத்திரத்துக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். மூன்று கப்புக்கு 90 கிராம், அதாவது முக்கால் கப் மாவு கூடுதல்! அப்படி அள்ளிப் போட்டவர் செய்முறையில் எதையும் மாற்றவில்லை. மூன்று கப் என்று எழுதியிருந்தது, மூன்று கப்தான் போட்டார். செங்கல் வந்தது யார் வீட்டில், சகோதரி? உங்கள் அணி வீட்டில்!

அதோடு, எந்தக் கப்? அமெரிக்கக் கப் ஏறக்குறைய 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. மேசைக்கரண்டி அங்கே 20 மில்லி, மற்ற பல நாடுகளில் 15 மில்லி. எழுதியவர் எந்தக் கரண்டியைப் பிடித்திருந்தார் என்று தெரியாமல் எழுதியபடியே செய்கிறேன் என்றால், எழுதியபடி என்பது எது? உள்ளே விசிறி சுழலும் ஓவனா? சாதாரண ஓவனுக்கு எழுதிய சூட்டில் 20 டிகிரி செல்சியஸ் குறைத்தாக வேண்டும். மலைமேல் வீடா? அங்கே காற்றழுத்தம் குறைவு, வாயு கூடுதலாக விரியும், கேக் அவசரமாக எழுந்து நடுவில் அமுங்கிவிடும். பேக்கிங் பவுடரைக் குறைத்தால்தான் அது நிற்கும்.

கண்ணை மூடிக்கொண்டு மாற்றச் சொல்லவில்லை. பேக்கிங் பவுடர் இல்லையே என்று அதே அளவு பேக்கிங் சோடாவைக் கொட்டாதீர்கள். சோடாவின் வேகம் மூன்று நான்கு மடங்கு, அதற்கு மோர், எலுமிச்சைச் சாறு போன்ற ஏதாவதொரு புளிப்பும் வேண்டும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை, ஈரத்தைப் பிடித்துவைப்பதும் மேல்நிறம் தருவதும் அதுதான். பெரும்பாலான கேக்குகளில் கால் பங்கு குறைத்தால் தாங்கும், முழுவதும் எடுத்தால் தாங்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு மாற்றுகிறவரைத்தான் நான் கைகூப்பி வணங்குகிறேன்.

நடுவர் அவர்களே, முதல் மணி கேட்டது. இன்னும் ஒன்றே ஒன்று.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்தாளுநர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஆகாது, ஈஸ்டும் ஆகாது. ஊரெல்லாம் சாப்பிடுவதைத் தன் வீட்டில் ஒருத்தி சாப்பிட முடியவில்லையே என்று அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரைச் செய்தார். 1843-இல் ஈஸ்ட் இல்லாமலே மாவை உப்பவைக்கும் பேக்கிங் பவுடரைச் செய்தார். எதிரணியினர் இம்மி பிசகாமல் அளந்து போடச் சொல்கிறார்களே, அந்தப் பவுடரே ஒரு கணவன் மனைவிக்காகச் செய்த மாற்றம்தான் ஐயா!

இன்றும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. முட்டை ஒவ்வாத பிள்ளை. யார் பிறந்தநாளுக்குப் போனாலும், தட்டு நீளும் முன்பே "எனக்கு வேண்டாம்" என்று தானே சொல்லப் பழகிவிட்ட பிள்ளை. அதன் அம்மா வேலை முடிந்து வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று கரண்டி நீரில் கலந்து, அது கெட்டியாகும்வரை காத்திருக்கிறார். முதல் கேக் அமுங்குகிறது. மறுநாள் இரவு மறுபடியும் கலக்கிறார். அந்தப் பிள்ளை தன் பிறந்தநாளில் முதல் துண்டைத் தானே எடுத்து வாயில் போட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அவரைப் பார்த்து எதிரணி, "நீங்கள் செய்முறையை மதிக்கவில்லை" என்கிறது. என்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நடுவர் அவர்களே, அந்த அம்மா இந்த அவையில் எங்காவது உட்கார்ந்திருக்கலாம். அவர் காதில் விழும்படி உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.