சி-ல ரெகெக்ஸ்: மேட்ச் முடிவுக்கு எவ்வளவு மெமரி ஒதுக்கணும்?

வணக்கம். சி மொழில ரெகெக்ஸ் (ஸ்ட்ரிங்ல தேடுறதுக்கான பேட்டர்ன்) எழுதுன கோடு நிறையதுல, மேட்ச் முடிவு வந்து சேர்ற ரெக்மேட்ச்_டி அரேயோட அளவு 10-னு இருக்கும். அந்த 10 வெறும் ஊகம். சரியான எண்ணை லைப்ரரியே சொல்லுது, அதைக் கேட்டு வாங்கினா போதும்.

பேட்டர்னைத் தயார் பண்ற ரெக்காம்ப் வேலையை முடிச்சதும், தயாரான பேட்டர்னை வச்சிருக்கிற ரெகெக்ஸ்_டி உள்ள ஆர்இ_என்சப்-னு ஒரு ஃபீல்டு நிரம்பியிருக்கும். பேட்டர்ன்ல எத்தனை அடைப்புக்குறி குரூப் இருக்குங்கிற எண்ணிக்கை அது. அதோட ஒண்ணு கூட்டிக்கோங்க, ஏன்னா பூஜ்யமாவது இடம் முழு மேட்சுக்கு. தேதி பேட்டர்ன்ல வருஷம், மாசம், நாள்னு 3 குரூப் இருந்தா 4 இடம் வேணும். அந்த எண்ணையும் சைஸ்ஆஃப் ரெக்மேட்ச்_டி-யையும் மெமரி ஒதுக்குற கேலாக்குக்குக் கொடுங்க, நல் வந்துச்சான்னு (அதாவது ஒதுக்க முடியலையான்னு) பாருங்க.

இதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சரியா இருக்கணும். ரெக்காம்ப் பூஜ்யம் திருப்பினா மட்டும்தான் ஆர்இ_என்சப்-ஐ நம்பலாம். விரிவான பேட்டர்ன் முறைக்கான ரெக்_எக்ஸ்டெண்டட் ஃபிளாக் போடலைன்னா, வெறும் அடைப்புக்குறி சாதாரண எழுத்தாயிடும், குரூப் எண்ணிக்கை பூஜ்யம்னு வரும். மேட்ச் ஆன இடங்கள் வேண்டாம்னு சொல்ற ரெக்_நோசப் ஃபிளாக் போட்டிருந்தா, மேட்ச் தேடுற ரெக்எக்ஸெக் அரேயைத் தொடவே தொடாது.

எண் தப்பினா என்ன ஆகும்? குறைவா கொடுத்தா எந்த எரரும் வராது, மிச்ச குரூப்புகள் சத்தமில்லாம விட்டுப்போகும். ஒதுக்கினதை விட அதிகமா ரெக்எக்ஸெக்கிட்ட சொன்னீங்கன்னா இன்னும் மோசம். மிச்ச இடத்துல எல்லாம் அது -1 எழுதும், அதாவது உங்க மெமரிக்கு வெளியே எழுதும். ஹீப் (மெமரி ஒதுக்குற பகுதி) கெட்டு, சம்பந்தமே இல்லாத வேற எங்கயோ புரோகிராம் விழும்.

இப்ப ரொம்ப முக்கியமான இடம். அந்த அரேல எழுத்துகள் கிடையாது, ஆர்எம்_எஸ்ஓ (மேட்ச் தொடங்குற இடம்), ஆர்எம்_ஈஓ (முடியற இடம்)-ன்னு ரெண்டு தூரம் மட்டும்தான். மூல ஸ்ட்ரிங்கை ஃப்ரீ பண்ணிட்டா அந்த எண்களுக்கு அர்த்தமே இல்ல. வார்த்தை தனியா வேணும்னா ஈஓ-ல எஸ்ஓ-வைக் கழிச்சு, கூட 1 பைட் சேர்த்து மாலாக்ல இடம் ஒதுக்கி, அப்புறம் மெம்காப்பில காப்பி பண்ணி, கடைசில பூஜ்ய பைட் வைங்க. நீளம் பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு இல்ல. யுடிஎஃப்-8-ல 'அம்மா' 15 பைட்.

காப்பி பண்றதுக்கு முன்னாடி எஸ்ஓ -1-ஆன்னு கட்டாயம் பாருங்க. மேட்ச்ல கலந்துக்காத குரூப்புக்கு ரெண்டுமே -1. கழிச்சா பூஜ்யம் வரும், அதனால காலி ஸ்ட்ரிங் மாதிரியே தெரியும். 'குரூப் காலி', 'குரூப் இல்லவே இல்ல', இந்த ரெண்டும் வேற வேற. பல பார்சர் இங்கதான் கோட்டை விடுது.

ஒரே வரில எல்லா மேட்சும் தேடுறீங்கன்னா, அரேயை லூப்புக்கு வெளியே ஒரு தடவை ஒதுக்கி, அதையே திரும்பத் திரும்ப பயன்படுத்துங்க. ஒவ்வொரு தடவையும் பாயிண்டரை ஈஓ அளவுக்கு நகர்த்துங்க. அடுத்த முடிவு அந்தப் புது பாயிண்டர்ல இருந்துதான் எண்ணப்படும், மூல ஸ்ட்ரிங்கோட தொடக்கத்துல இருந்து இல்ல. ரெண்டாவது தடவைல இருந்து, 'இது வரித்தொடக்கம் இல்ல'ன்னு சொல்ற ரெக்_நாட்பால் ஃபிளாக் போடுங்க, இல்லைன்னா நடுவுலயும் வரித்தொடக்கம்னு நினைச்சு மேட்ச் ஆகும். நீளம் பூஜ்யமா மேட்ச் வந்தா ஸ்ட்ரிங் முடிஞ்சிடுச்சான்னு பார்த்துட்டு ஒரு எழுத்து தள்ளுங்க. தள்ளலைன்னா லூப் நிக்கவே நிக்காது.

முடிக்கும்போது ரெக்ஃப்ரீ கூப்பிட்டா பேட்டர்னோட உள் மெமரி மட்டும்தான் போகும். மேட்ச் அரேயையும், காப்பி எடுத்த ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் நீங்கதான் ஃப்ரீ பண்ணணும்.