படத்தில் விழாத புலிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ராஜஸ்தானில் உள்ள சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 16 முதல் 18 புலிகள் இருப்பதாக 2004-இல் கணக்குச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் காட்டையே காலி செய்திருந்தார்கள். நாம் எண்ணும் முறை சரிதானா என்று நாடே அப்போதுதான் கேட்டது.

அதுவரை காலடித் தடம்தான் கணக்கு. புலியின் இடது பின்னங்கால் பதிந்த இடத்தின் மேல் கண்ணாடியை வைத்து வடிவத்தை வரைந்துகொள்வார்கள். ஒவ்வொரு புலிக்கும் தடம் தனி, பார்த்தாலே பிரித்துவிடலாம் என்று நம்பினார்கள். ஆனால் ஒரே புலியின் தடம் புழுதியில் ஒரு மாதிரி, ஈரமண்ணில் வேறு மாதிரி. வரைகிற கை மாறினாலும் வடிவம் மாறும். தடத்தைப் பார்த்தே புலி எப்போது போனது, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் வனக்காவலர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் நடமாட்டம் வேறு, எண்ணிக்கை வேறு.

2006-இல் நாடு முழுவதும் நடந்த புலிக் கணக்கெடுப்பில் தானியங்கி கேமராக்கள் வந்தன. கர்நாடகத்தின் நாகரஹோளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990-களிலேயே இதைச் செய்து காட்டியிருந்தார். காட்டுப் பாதையின் இரு ஓரமும், முழங்கால் உயரத்தில், எதிரெதிரே இரண்டு கேமராக்களைக் கட்டுவோம். ஒவ்வொரு புலிக்கும் வரிகள் தனி, அதை வைத்துத்தான் ஆளடையாளம் பார்ப்போம். ஆனால் ஒரே புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுபோல இருக்காது. ஓரிடத்தில் இடப்பக்கம் மட்டும், இன்னோரிடத்தில் வலப்பக்கம் மட்டும் கிடைத்தால், அது ஒரு புலியா இரண்டு புலியா என்றே சொல்ல முடியாது.

சரி, படத்தில் விழாத புலிகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? முதல் சுற்றில் 12 புலிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் 10. அந்தப் பத்தில் 6 ஏற்கெனவே பார்த்தவை, அதாவது ஐந்தில் மூன்று பங்கு. அப்படியானால் முதலில் கிடைத்த 12-ம் மொத்தத்தில் ஐந்தில் மூன்று பங்குதான். மொத்தம் 20. நமக்குப் படம் கிடைத்தது 16 புலிகளுக்கு. மீதி நான்கும் காட்டில்தான் எங்கோ இருக்கின்றன. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் சுற்றுகளுக்கு நடுவே பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி பெரிதாக இருக்கக்கூடாது. அதனால்தான் கேமராக்களை மாதக்கணக்கில் இழுத்தடிக்காமல் எடுத்துவிடுகிறோம்.

புலிக்கு இரையாகும் கடமானையும் எண்ண வேண்டும். அதற்கு வரி கிடையாது, ஆளடையாளம் பார்க்க முடியாது. அதனால் விடியற்காலையில் நேர்கோட்டில் நடக்க வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொரு கூட்டமும் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறிப்போம். தூரம் கூடக்கூட எத்தனை கண்ணில் படாமல் போகின்றன என்பதை அந்தத் தூரங்களே காட்டிவிடும்.

இப்படி வரும் விடை ஒற்றை எண் அல்ல. 2006-இல் 1411 புலிகள் என்று படித்திருப்பீர்கள். அறிக்கையில் அது 1165 முதல் 1657 வரை. 2010-இல் 1706, அதன் வீச்சு 1520 முதல் 1909 வரை. இரண்டு வீச்சுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பாருங்கள். அந்த 1706-க்குள் முந்தைய கணக்கில் சேராத சுந்தரவனத்தின் 70 புலிகளும் இருந்தன.